மீனுக்கு ஆறு பக்கம், லயத்துக்கு ஒரு பூஜ்யம்

1

நகரசபையிலிருந்து வந்த கடிதத்தைப் பிரித்ததுமே எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் லக்சம்பர்க்குக்கு வந்து பன்னிரண்டு வருடம் நிறைகிறது. குடியுரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறேன். உங்களைப் பற்றி எங்கள் பதிவில் உள்ள விவரங்களைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டு அனுப்புங்கள் என்று மரியாதையான பிரெஞ்சில் எழுதியிருந்தார்கள். பெயர் ஜெசிந்தா, சரி. அப்பா பெயர் சரி. பிறந்த இடம் என்ற கட்டத்தில் எங்கள் தோட்டத்தின் பெயரை மூன்று பிழையோடு போட்டிருந்தார்கள், போகட்டும். அதற்குக் கீழேதான் அது இருந்தது. சொந்த நாட்டில் நிரந்தர முகவரி, வீட்டு எண்: 0.

அந்தப் பூஜ்யம் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். பன்னிரண்டு வருடத்துக்கு முன் என்னைப் பதிவுசெய்த அலுவலர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டு கேட்டார்: "தெருப் பெயர்?"

"தெரு இல்லை."

"வீட்டு எண்?"

நோட்டன் பிரிட்ஜிலிருந்து மேலே ஏறினால் எங்கள் தோட்டம். அதன் மேல் டிவிசனில் பத்துக் காம்பரா லயம். ஒரே கூரை, பத்து அறை, அறைக்கு ஒரு குடும்பம். நாங்கள் நாலாம் காம்பரா. ஆனால் அது கம்பனியின் கட்டடம், எங்கள் பெயரில் எதுவும் கிடையாது. கடிதம் வந்தால் தோட்டக் காரியாலயத்துக்குத்தான் வரும். இதையெல்லாம் எனக்கு அப்போது தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில் சொல்ல வேண்டும். நாங்கள் வரிசையில் வாழ்ந்தோம் என்றேன். அவர் தலையை ஆட்டி, "இங்கேயும் எல்லாரும் வரிசையில்தான் நிற்கிறார்கள், அம்மணி" என்றார். கணினி அந்தக் கட்டத்தை வெறுமையாக விட மறுத்தது. கொஞ்ச நேரம் அதோடு மல்லுக்கட்டிவிட்டு ஒரு பூஜ்யத்தைத் தட்டினார், கணினியும் சமாதானமாகிவிட்டது. வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. அன்று எனக்கு வதிவிட அட்டை கிடைத்ததே பெரிதாக இருந்ததால் நான் ஒன்றும் சொல்லவில்லை.

இந்த வருடம் அதே பூஜ்யத்தை நான் பார்ப்பது இது இரண்டாவது தடவை. முதல் தடவை பார்த்தது என் காரியாலயத்தில், வைகாசி மாதத்தில், வேறொரு கோப்பில். அது சம்பந்தப்பட்ட திட்டம் இப்போது எங்கள் கையில் இல்லை. அதனால் தோட்டத்தின் பேரும் கம்பனியின் பேரும் சொல்லாமல் எழுதுகிறேன்.

2

நான் என்ன வேலை செய்கிறேன் என்று ஊரில் யாருக்கும் விளங்கவைக்க முடிந்ததில்லை. வங்கியா என்பார்கள். வங்கி மாதிரி. கணக்காளரா? அப்படியும் சொல்லலாம். உண்மையில் நான் செய்வது பணத்தைத் தரம் பிரிப்பது. இங்கே ஓய்வூதியக்காரர்களின் சேமிப்பையெல்லாம் திரட்டி உலகம் பூராவும் முதலீடு செய்கிறார்கள். "எங்கள் பணம் சுற்றுச்சூழலுக்கு நல்லது செய்யும் இடத்துக்குத்தான் போகிறது" என்று விளம்பரம் செய்கிறார்கள். நல்லது என்றால் எது நல்லது? அதைச் சொல்ல ஒவ்வொரு அரசாங்கமும் ஒரு பட்டியல் எழுதி வைத்திருக்கிறது. ஒரு முதலீட்டுக்குப் பச்சை முத்திரை குத்தலாமா, கூடாதா என்று அந்தப் பட்டியலை வைத்துப் பார்ப்பதுதான் என் வேலை.

பட்டியல் ஒன்றாக இருந்தால் நானும் நிம்மதியாக இருந்திருப்பேன். ஆளுக்கொன்று. ஐரோப்பாவின் பட்டியலில் ஆறு நோக்கங்கள். காலநிலை, தண்ணீர், உயிரினங்கள் என்று போகும். ஒன்றுக்காவது உண்மையில் உதவ வேண்டும், மற்ற ஐந்துக்கும் பெரிய கேடு செய்யக்கூடாது. கேட்க அழகாக இருக்கும். அதற்கு விளக்கம், விளக்கத்துக்கு அடிக்குறிப்பு, அடிக்குறிப்புக்குத் திருத்தம் என்று படித்துக்கொண்டே போனால் என் கண்ணாடி நம்பர்தான் ஏறுகிறது. சீனாக்காரர்கள் இன்னின்ன வேலை பச்சை என்று பெயர் சொல்லியே எழுதிவிட்டார்கள். சிங்கப்பூரில் சந்தியில் இருக்கும் சைகை விளக்குப் போல. பச்சைக்கும் தள்ளுபடிக்கும் நடுவில் ஒரு மஞ்சள், இன்னும் திருந்தவில்லை ஆனால் திருந்திக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நம் இலங்கையும் ஒன்று எழுதியிருக்கிறது. அது வெளிவந்தபோது ஊரிலிருந்து வந்த கடிதம் போல உட்கார்ந்து முழுவதும் படித்தேன். அணு உலையை ஐரோப்பா தனக்குள்ளேயே சண்டை போட்டு ஒருவழியாக நிபந்தனையோடு உள்ளே விட்டது. பூமி ஒன்றுதான், ஆனால் ஓர் எல்லையைத் தாண்டினால் பச்சை மஞ்சளாகிவிடும், இன்னொன்றைத் தாண்டினால் காணாமலே போய்விடும். இதையெல்லாம் ஒரு பெரிய அட்டவணையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, எந்தப் பணத்தை எந்த நாட்டில் என்ன பெயர் சொல்லி விற்கலாம் என்று எழுதிக் கொடுப்பேன். எட்டு வருடமாக இதே வேலை.

என் தங்கை ரீட்டா தோட்டத்திலேயே இருக்கிறாள். அம்மாமார் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் பிள்ளை மடுவத்துக்கு அவள்தான் பொறுப்பு. அவளுக்கு ஒருமுறை இதை விளக்கினேன்.

"அப்ப கொழுந்து நிறுக்கிற மாதிரின்னு சொல்லுங்க" என்றாள். "நம்ம கூடையில நல்ல கொழுந்துதான் இருக்கும், ஆனா ஈரம்னு கழிப்பாங்க, முத்தல்னு கழிப்பாங்க. ஆளு மாறினா கழிவும் மாறும்."

எட்டு வருடத்தில் என் வேலையை இதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்தாலும் தரம் பிரிப்பதுதான். எங்கள் குடியிருப்பில் குப்பைக்கு ஐந்து நிறத் தொட்டிகள். கீழ்வீட்டு அம்மையார் ஓய்வுபெற்ற ஆசிரியை. நான் தேயிலைப் பையை முழுசாகப் பச்சைத் தொட்டியில் போட்டதைக் கண்டுபிடித்து, அதைக் காகிதத் துண்டில் வைத்துக் கதவைத் தட்டினார். தூள் ஒன்றில், பை ஒன்றில், நூலில் இருக்கும் சிறு கம்பி இன்னொன்றில் போட வேண்டுமாம். தேயிலைக்காட்டில் பிறந்தவளுக்குத் தேயிலைத்தூளை எங்கே போடுவது என்று பாடம். அம்மையாரிடம் நன்றி சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு பல்லைக் கடித்தேன்.

3

வைகாசியில் வந்த கோப்பு, சிறிய நீர்மின் திட்டங்கள் ஆறு அடங்கிய ஒரு கட்டு. ஆறும் இலங்கையில். எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் அதில் பங்கு வாங்க நினைத்தார். ஐரோப்பியப் பச்சை கிடைக்குமா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். நான் காப்பியை வைத்துக்கொண்டு வரைபடங்களைத் திறந்தேன். நாலாவது வரைபடத்தில் ஓடை ஓர் இடத்தில் இடப்பக்கம் திரும்பி, உடனே வலப்பக்கம் மடங்கியிருந்தது. பெயர் இல்லை, ஓர் இலக்கம்தான். ஆனால் அந்த மடக்கில் நான் துணி துவைத்திருக்கிறேன்.

ஓடை அந்த மடக்கில் இரண்டாகப் பிரியும். பெரிய கிளை நேராகப் பள்ளத்துக்குப் போகும். சின்னக் கிளை தேயிலைக்கு நடுவே வந்து, ஒரு குழாய் வழியாக எங்கள் லயத்துக்குப் பக்கத்தில் கொட்டும். அதுதான் பீலி. குடிக்க, சமைக்க, குளிக்க எல்லாம் அந்தத் தண்ணீர்தான். பிள்ளை மடுவத்துக்கும் அங்கிருந்துதான் போகிறது. மாசி பங்குனியில் அது விரல் தடிப்புக்கு மெலிந்துவிடும், அப்போது குடத்தை வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

திட்டத்தின் தடுப்பணை அந்த மடக்குக்கு மேலே குறிக்கப்பட்டிருந்தது. தண்ணீரைத் திருப்பிக் குழாயில் போட்டுக் கீழே உள்ள இயந்திரத்துக்குக் கொண்டுபோவார்கள். ஐரோப்பியப் பட்டியல் ஓடையை வற்றவைக்க விடாது, அதற்கு நிபந்தனை உண்டு. அதனால் பெரிய கிளையில் எந்நாளும் இவ்வளவு தண்ணீர் விடுவோம் என்று கணக்குக் காட்டியிருந்தார்கள். எதற்காக? அந்த ஓடையில் அயிரை மாதிரி விரல் நீள மீன் ஒன்று இருக்கிறதாம். அது எங்கே முட்டையிடும், எவ்வளவு ஆழம் வேண்டும், எந்த மாதம் நகரும் என்று ஆறு பக்கம். நிறப்படம் வேறு. அந்த மீன் மேல் எனக்கு ஒரு பகையும் இல்லை, நல்லாயிருக்கட்டும். ஆனால் சின்னக் கிளையை வரைபடத்தில் தேடிப் பார்த்தேன். கோடே இல்லை, அதற்கு விடும் தண்ணீரும் கணக்கில் இல்லை. லயம் இருக்க வேண்டிய இடம் முழுக்க இளம்பச்சை. குறிப்பில் "விவசாய நிலம், தேயிலை".

அடுத்த பக்கத்தில் ஒரு கட்டம். பாதிக்கப்படும் பகுதியில் நிரந்தரக் குடியிருப்புகள்: 0.

யாரும் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை, அதுதான் இன்னும் எரிச்சல். நிலப்பதிவைப் பார்த்திருப்பார்கள், அங்கே எங்கள் பெயரில் ஒரு வீடும் இல்லை. முகவரிப் பட்டியலைப் பார்த்திருப்பார்கள், அங்கே ஓர் எண்ணும் இல்லை. கணினி வெறுமையாக விட மறுத்திருக்கும். யாரோ ஒருவர் பூஜ்யத்தைத் தட்டியிருப்பார்.

என் அட்டவணையைத் திறந்து மற்ற நாடுகளின் வரிகளைப் பார்த்தேன். ஏதாவது ஒரு பட்டியலாவது இதைத் தடுக்காதா என்று நப்பாசை. நிபந்தனைகள் கூடக்குறைய இருந்தன, அவ்வளவுதான். எட்டு வருடமாக எதிலும் ஒத்துப்போகாதவர்கள் ஓடையில் எடுக்கும் சிறிய மின்சாரம் பச்சைதான் என்பதில் மட்டும் ஒத்துப்போயிருந்தார்கள். அந்தப் பூஜ்யம் உண்மையென்றால் அவர்கள் சொல்வதும் சரிதான்.

4

மதிய இடைவேளையில் ரீட்டாவுக்கு அழைத்தேன். அங்கே மாலை, பிள்ளைகள் எல்லாம் போயிருந்தார்கள். கோப்பைப் பற்றி வெளியே பேசக்கூடாது என்று என் ஒப்பந்தம் வாயைக் கட்டியிருக்கிறது. எனவே சுற்றி வளைத்தேன். தோட்டத்தில் சமீபத்தில் யாராவது வந்து கூட்டம் ஏதும் வைத்தார்களா?

"வச்சாங்களே, மாசியில. காலையில பெரட்டுலயே எல்லாரையும் நிப்பாட்டிட்டாங்க. ரெண்டு பேரு தொப்பி போட்டுக்கிட்டு வந்திருந்தாங்க. சிங்களத்துல சொன்னாங்க, கணக்கப்பிள்ளை தமிழ்ல சொன்னாரு. கரண்டு எடுக்கப் போறாங்களாம், ரோடு போட்டுத் தருவாங்களாம். பன்னும் பிளேன்டீயும் குடுத்தாங்க."

"கையெழுத்து வாங்கினாங்களா?"

"வாங்கினாங்க. அது பேருக்குத்தானே?"

தோட்டத்தில் வளராதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். காலையில் வேலைக்கு ஆட்களைப் பிரித்து அனுப்பும் இடம் பெரட்டு. அங்கே நின்று பதிந்தால்தான் அன்றைக்குப் பேர், அதாவது அந்த நாள் வேலை செய்ததாகக் கணக்கு. கூட்டம், தடுப்பூசி, பெரிய மனிதர் வருகை என்று எதற்காவது ஆட்களை மலைக்கு விடாமல் நிறுத்தினால் ஒரு தாள் சுற்றி வரும். அதில் கையெழுத்துப் போட்டால் அன்றைய பேர் கெடாது. போடாவிட்டால் நாள் போச்சு. பெரட்டில் தாள் வந்தால் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் படிப்பதில்லை, எங்கள் அப்பாவும் படித்ததில்லை. நான் அங்கே நின்றிருந்தால் நானும்தான் போட்டிருப்பேன்.

கோப்பில் அந்தத் தாள் ஏழாவது இணைப்பாக இருந்தது. தலைப்பு, "தொழிலாளர் சம்மதம், எண்பத்தாறு கையெழுத்துகள்". குடியிருப்பு பூஜ்யம், சம்மதம் எண்பத்தாறு. ஆளே இல்லாத இடத்தில் எண்பத்தாறு பேர் சம்மதித்திருக்கிறார்கள், ஒருவருக்கும் உறுத்தவில்லை.

பீலியில் இப்போது தண்ணீர் எப்படி வருகிறது என்று கேட்டேன், ரீட்டாவுக்கு அதுவே போதுமாயிருந்தது.

"என்னாக்கா, பீலித் தண்ணியில கை வைக்கப் போறாங்களா?"

"நான் ஒண்ணும் சொல்லல ரீட்டா. இனிமே தாள் வந்தா படிச்சுப் பாத்துட்டுப் போடு. அவ்வளவுதான்."

"சொல்லலன்னா ஆமான்னு அர்த்தம். உங்கள எனக்குத் தெரியாதா?" பிறகு குரல் உடைந்துவிட்டது. "நான்தான்க்கா மொதல்ல போட்டேன். டீச்சரம்மாவே போட்டுட்டாங்கன்னு மத்தவங்க பின்னாடியே வந்தாங்க. முப்பத்தியொரு பிள்ளைங்க இருக்கு மடுவத்துல. அதுங்களுக்குப் பால் கரைக்க, குண்டி கழுவ, நான் எங்க போய் தண்ணி தூக்குவேன்? போட்ட கையெழுத்தத் திருப்பி வாங்க முடியுமாக்கா?"

முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பார்ப்போம் என்றேன். ஐயாயிரம் மைல் தள்ளி உட்கார்ந்துகொண்டு பார்ப்போம் என்று சொல்வது எவ்வளவு கேவலமாக இருக்கிறது தெரியுமா? போனை வைத்துவிட்டுக் கழிவறைக்குப் போய் அழுதேன்.

5

என் மேலாளர் மிஷேல் கெட்டவர் இல்லை. அன்று பின்னேரமே அவரிடம் போய், இது நான் பிறந்த இடம் என்று சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"அப்படியானால் இந்தக் கோப்பை நீங்கள் தொடக்கூடாது, ஜெசிந்தா. உங்களுக்கு இதில் சொந்த நலன் இருக்கிறது."

"அங்கே ஆட்கள் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். என் தங்கை இருக்கிறாள்."

"அதனால்தான் சொல்கிறேன்."

"நீங்கள் போய்ப் பாருங்கள், லயம் இருக்கிறதா இல்லையா என்று."

"ஆவணம் இருக்கிறதா? நிலப்பத்திரம், மின்கட்டணம், ஏதாவது? உங்கள் வாய்ச்சொல்லை நான் கட்டத்தில் எழுத முடியாது. நாளைக்குக் காலையில் கோப்பைப் பக்கத்து மேசைக்குக் கொடுத்துவிடுங்கள்."

பக்கத்து மேசைக்காரர் ஒழுங்கானவர். அவர் தேயிலைச் செடியையே கண்ணால் பார்த்ததில்லை. இடத்தைத் தெரிந்தவள் வாயை மூட வேண்டும், தெரியாதவர் முடிவு சொல்லலாம். அதற்குப் பெயர் நடுநிலை. வழியில் டிராம் வண்டியில் தமிழிலேயே திட்டிக்கொண்டு வந்தேன், நல்லவேளை யாருக்கும் புரியவில்லை.

வீட்டில் என் மகள் ஆனா. பதினைந்து வயது. வெள்ளிக்கிழமைகளில் பள்ளித் தோழிகளோடு பூமியைக் காப்பாற்று என்று அட்டை பிடித்து ஊர்வலம் போகிறவள். நான் தமிழில் கேட்பேன், அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள், இதுதான் சில வருடங்களாக எங்கள் வீட்டு வழக்கம். அம்மா பச்சைப் பணக்காரி என்று தோழிகளிடம் பெருமையாகச் சொல்வாள். சாப்பாட்டு மேசையில் என் முகத்தைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டாள். இடம் எதுவென்று சொல்லாமல், ஓடையில் மின்சாரம் எடுப்பது பற்றி ஒரு தகராறு என்றேன்.

"நிலக்கரியை விட நல்லதுதானே? அதையும் தடுத்தால் பிறகு எதைத்தான் செய்வது?"

அவள் சொன்னதில் பிழை இல்லை. மின்வெட்டில் பிள்ளைகள் படிக்க முடியாமல் தவித்ததை ரீட்டா சொல்லிக் கேட்டிருக்கிறேன். மழை தப்பினால் கொழுந்து இல்லை, கொட்டினால் மண்சரிவு. காலநிலை கெட்டுப்போனதை எங்கள் ஆட்களைவிட யார் அறிவார்? எனக்கு மின்சாரத்தோடு சண்டை இல்லை என்று அவளுக்கு எப்படிச் சொல்வது? கோபத்தில் தமிழும் வரவில்லை, பிரெஞ்சும் வரவில்லை. அந்தத் தண்ணீரில் குளிக்கிறார்களே, குடிக்கிறார்களே என்று மட்டும் சொன்னேன்.

ஆனா கரண்டியைக் கீழே வைத்தாள். இரண்டு வருடத்துக்கு முன் ஆவணியில் அவளைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போயிருந்தேன். பீலியில் ரீட்டா அவளைப் பிடித்து நிறுத்தித் தலையில் தண்ணீர் ஊற்றியபோது அலறிய அலறலுக்கு லயமே வெளியே வந்து சிரித்தது.

"அந்தத் தண்ணியா?" என்று தமிழில் கேட்டாள். "பல்லு கூசிச்சே, அதுவா?"

சாப்பிடு என்றேன். ஒப்பந்தம். அவளும் அதற்குமேல் கேட்கவில்லை. சாப்பிட்ட தட்டுகளை அன்று அவளே கழுவினாள், குழாயைச் சின்னதாகத் திறந்துகொண்டு.

6

மறுநாள் காலை கோப்பை ஒப்படைக்கும் முன் கடைசியாக ஒருமுறை புரட்டினேன். ஏழாவது இணைப்பை அதுவரை நான் சரியாகத் திறக்கவேயில்லை. மேலட்டையில் ஆங்கிலத்தில் ஒரு வரிச் சுருக்கம்: எண்பத்தாறு கையெழுத்துகள், உள்ளூர் மொழியில். உள்ளே ஒன்பது பக்கங்கள், மங்கலான பிரதி. முழுக்கத் தமிழ்.

ஒன்றாவது வரி: ரீட்டா, பிள்ளை மடுவம், மேல் டிவிசன், பத்துக் காம்பரா லயம், காம்பரா 4.

இரண்டாவது வரி: மாரியாயி, பத்துக் காம்பரா லயம், காம்பரா 7. மூன்றாவது: மாரியாயி, மேட்டு லயம், காம்பரா 2. கைநாட்டு வைத்தவர்களுக்கு வேறு யாரோ பெயரையும் காம்பரா எண்ணையும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். எண்பத்தாறு வரியிலும் ஒன்று தவறவில்லை.

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. எங்கள் தோட்டத்தில் மாரியாயி மட்டும் நாலு பேர். செல்வராஜ் எத்தனை என்று எனக்கே தெரியாது. வெறும் பெயரை எழுதினால் அன்றைய பேர் வேறொருத்திக்கு விழுந்துவிடும். அதனால் எங்கள் ஆட்கள் எந்தத் தாளிலும் லயமும் காம்பராவும் இல்லாமல் பெயர் எழுத மாட்டார்கள். நாள் கெட்டுவிடும் என்ற பயத்தில்தான் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்கள். அதே பயத்தில் எங்கே குடியிருக்கிறோம் என்பதையும் ஒருவர் விடாமல் எழுதி வைத்திருந்தார்கள். வீடு இல்லை என்று சொன்ன கோப்புக்குள்ளேயே எண்பத்தாறு முகவரிகள்.

மிஷேலிடம் ஓடினேன்.

"நான் அந்த இடத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை" என்றேன். "ஏழாவது இணைப்பு மொழிபெயர்க்கப்படவில்லை. கோப்பு முழுமையில்லை. இதை யார் வேண்டுமானாலும் சொல்லலாம் இல்லையா?"

அவர் அந்த ஒன்பது பக்கத்தையும் புரட்டிப் பார்த்தார். "சொல்லலாம்" என்றார். "சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர் வேண்டும். நீங்கள் செய்யக்கூடாது."

லக்சம்பர்க்கில் அப்படி ஒரு தமிழர் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. பாரிஸில் ஒருவர் கிடைத்தார், யாழ்ப்பாணத்துக்காரர். பத்து நாள் கழித்து அவரிடமிருந்து காரியாலயத்துக்கு ஒரு கேள்வி வந்தது. காம்பரா என்றால் என்ன? மிஷேல் அதை என் மேசையில் வைத்தார். சொல்லுக்குப் பொருள் சொல்வது குற்றமில்லையாம். ஒரு குடும்பம் வசிக்கும் அறை என்று எழுதி அனுப்பினேன். மறுபடியும் கேள்வி: ஒரு குடும்பம் முழுவதும் ஓர் அறையிலா, எழுத்துப்பிழையா? பிழையில்லை என்று எழுதினேன். அந்தப் பதிலை எழுதும்போது விசையை உடைத்துவிடுவது போல் தட்டினேன்.

மொழிபெயர்ப்பு முத்திரையோடு வந்தது. பக்கத்து மேசைக்காரர் அதை வரிவரியாகப் படித்தார். அவர் கோப்பைத் திட்டக்காரர்களுக்குத் திருப்பி அனுப்பியபோது எழுதிய குறிப்பை மட்டும் எனக்குக் காட்டினார். "கையெழுத்திட்ட அனைவரும் திட்டப் பகுதியில் வசிப்பதாக எழுதியுள்ளனர். குடியிருப்புகள் பூஜ்யம் என்பதை விளக்கவும். இவர்களின் குடிநீர் எங்கிருந்து வருகிறது?" கடைசிக் கேள்வியை அவராகவே எழுதியிருந்தார். அந்த மனிதனைப் பற்றி நினைத்ததற்கெல்லாம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

7

பதில் மூன்று வாரம் கழித்து இரண்டே வரியில் வந்தது. அந்த ஒரு திட்டத்தைக் கட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள், மீதி ஐந்துக்கும் பச்சை கேட்கிறார்கள். எடுத்ததை என்ன செய்வார்கள் என்று மிஷேலிடம் கேட்டேன். தோளைக் குலுக்கினார்.

"உங்கள் அட்டவணையில் இன்னும் எத்தனையோ நாடு இருக்கிறதே."

அதாவது வேறு யாராவது வாங்குவார்கள், வேறு பட்டியலைக் காட்டி, வேறு மேசையில். அந்த மேசையில் ஏழாவது இணைப்பைத் திறந்து பார்க்க ஒருத்தி இருப்பாளா? எட்டு வருடமாக நாடுகளை ஒப்பிட்டு நான் கற்றது இவ்வளவுதானா என்று அன்று வெறுத்துப்போனேன்.

ஆனால் ரீட்டா என்னை நம்பிக் காத்திருக்கவில்லை. ஆடியில் தொப்பிக்காரர்கள் மறுபடி பெரட்டுக்கு வந்தார்களாம், புதுத் தாளோடு.

"நான் முன்னாடி போய் நின்னுட்டேன்க்கா. கணக்கப்பிள்ளைகிட்ட கேட்டேன், ஐயா, இது இன்னைக்குப் பேருக்கா, இல்ல பீலித் தண்ணிக்கான்னு. அவரு தொப்பிக்காரங்களப் பாக்குறாரு, அவங்க இவரப் பாக்குறாங்க. ரெண்டுக்கும் ஒரே தாள்னா போட மாட்டோம்னு சொல்லிட்டேன். மாரியாயி அக்கா பேனாவை வாங்கித் தன் கொண்டையில சொருகிக்கிட்டாங்க."

"அப்புறம்?"

"அவங்க காட்டுன படத்துல பீலியே இல்லக்கா. பீலியப் போட்டுப் படம் வரைஞ்சு எடுத்துக்கிட்டு வாங்க, அப்புறம் பேசுவோம்னு அனுப்பிட்டோம். அன்னைக்கு அரைப்பேருதான் விழுந்துச்சு எல்லாருக்கும். ஒருத்தரும் ஏசல."

இதை எழுதும்வரை அவர்கள் திரும்பி வரவில்லை. நாளைக்கு வரலாம். தண்ணீர் இன்றைக்கு வந்துகொண்டிருக்கிறது, அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

நகரசபைக் கடிதத்துக்கு வருகிறேன். பூஜ்யம் என்றிருந்ததைச் சிவப்பு மையால் அடித்தேன். இந்தத் தடவை ஆவணம் இல்லாமல் போகக்கூடாது. ஊர் மாதா கோயிலில் என் ஞானஸ்நானம் பதிந்த பதிவேட்டிலிருந்து ரீட்டா ஒரு சான்றிதழ் வாங்கி அனுப்பினாள். சாமியாரும் எங்கள் ஆட்களுக்குப் பழகியவர்தானே, பெயருக்குப் பக்கத்தில் லயமும் காம்பராவும் எழுதியிருந்தார். பாரிஸ்காரருக்கே மொழிபெயர்க்கக் கொடுத்தேன். இந்த முறை அவர் கேள்வி ஒன்றும் கேட்கவில்லை.

நேற்றுக் காலை நகரசபைக்குப் போனேன். ஆனாவும் கூட வந்தாள், பள்ளி விடுமுறை. மேசைக்குப் பின்னால் பழைய அலுவலர் இல்லை, புதியவர். தேவாலயச் சான்றிதழை அவர் பார்க்கவேயில்லை, மொழிபெயர்ப்பின் முத்திரையைத்தான் பார்த்தார். பூஜ்யத்தை அழித்து 4 என்று தட்டினார்.

"தெருப் பெயர்?"

தெரு இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஆனா முந்திக்கொண்டு, "பீலி" என்றாள். அவர் கேட்க, எழுத்தெழுத்தாகச் சொன்னாள். அவர் தட்டிவிட்டுத் திரையைப் பார்த்தபடியே கேட்டார்:

"இது பழைய முகவரியா, அல்லது இப்போதும் அங்கே யாராவது வசிக்கிறார்களா?"

"வசிக்கிறார்கள்" என்றேன்.

கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல. பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் என்னை நிமிர்ந்து பார்த்தார்கள்.